நோக்கம் முதலில் வருவதில்லை

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, வெளியே சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. ஆனால் கைப்பேசியைத் திறந்தால் போர், வெப்ப அலை, ஆட்குறைப்பு. தொடர்பில் இருப்பவர்கள் நூற்றுக்கணக்கில். மனசுவிட்டுப் பேச ஒருவர் இல்லை. முன்பெல்லாம் சிறுகதை எழுதுவீர்கள். இயந்திரமே நொடியில் எழுதித் தள்ளுகிற காலத்தில் நாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டீர்கள். வேலையை உதறிவிட்டு வேறு ஏதாவது செய்யலாமா என்றும் ஒரு யோசனை. கடைசியில், "இத்தனை குழப்பத்துக்கு நடுவில் என் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி நோக்கத்தைப் பற்றியது. ஆனால் அதற்கு மேலே அடுக்கியிருப்பதையெல்லாம் பார்த்தால், உங்களை அரிப்பது வேறொன்று என்று படுகிறது: நான் இருப்பதும் செய்வதும் யாருக்காவது ஒரு பொருட்டா? முதல் கேள்வியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் யோசிக்கலாம். இரண்டாவதற்கு விடை மனிதர்களோடு புழங்கும்போதுதான் தெரியவரும். நான் பதில் சொல்லப் பார்ப்பது இந்த இரண்டாவதற்கு.

பல வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்தத் தொழில் தரும் பார்வைக்கு ஒரு கோணல் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அறைக்கு வருபவர்கள் சிரமத்தில் இருப்பவர்கள். நிறைவாக வாழ்பவர்கள் எப்படி நிறைவாக வாழ்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்தால் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு ஆய்வுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உளவியல் ஆய்வுகளோ எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. எதை நம்பி அடி எடுத்து வைக்கலாம், எதைப் பாதி நம்பலாம் என்று போகப்போகப் பிரித்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எழுத வரவில்லை, யாரிடமும் பேசத் தோன்றவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்கிறீர்கள். இவை தத்துவக் கேள்வியின் அறிகுறியாக இருக்கலாம். மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடக்கிறதா? தூக்கம், பசி, கவனம் எல்லாம் குலைந்திருக்கிறதா? முன்பு பிடித்தவை எதுவுமே இப்போது பிடிக்கவில்லையா? அப்படியானால் நோக்கத்தைத் தேடுவதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு போன்றவையும் ஏறக்குறைய இதே முகத்தோடு வரும்; ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி தேடுங்கள். வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று சொல்லிக்கொண்டு வந்த சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கேள்வியே எழாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படித்தான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அது இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்று ஒருவர் உணரும்போது அதற்குள் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன என்று ஃபிராங்க் மார்டெலா, மைக்கேல் ஸ்டீகர் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். நடப்பது ஓரளவு புரிகிறது என்ற தெளிவு ஒன்று. போகவேண்டிய திசை உண்டு என்ற நோக்கம் இன்னொன்று. நம் இருப்புக்கு மதிப்புண்டு என்ற உணர்வு மூன்றாவது. உங்கள் கேள்வியில் அடிவாங்கியிருப்பது முதலும் மூன்றும். செய்தி வெள்ளம் தெளிவைக் கெடுத்திருக்கிறது, தனிமை மதிப்பைக் கெடுத்திருக்கிறது. நீங்களோ நடுவில் இருக்கும் நோக்கத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே ஸ்டீகர் 2006இல் சகாக்களோடு சேர்ந்து ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார். பத்தே வாக்கியங்கள். அவற்றில் ஐந்து, அர்த்தம் இருப்பதாக உணர்கிறீர்களா என்று கேட்கும்; மற்ற ஐந்து, அதைத் தேடுகிறீர்களா என்று. இரண்டும் தனித்தனி அளவுகள். தேடுவதில் அதிக மதிப்பெண் வாங்குபவர்களிடம் பதற்றமும் சோர்வும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன. தேடுவதால் சோர்வா, சோர்வதால் தேடலா என்பதை இந்த மாதிரி வினாப்பட்டியலால் தீர்க்க முடியாது. என் அறையில் இரண்டையும் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்: தீவிரமாகத் தேடுகிறவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை.

ஆச்சரியமான இன்னொரு விஷயம், அர்த்தம் அப்படியொன்றும் அரிய பொருள் இல்லை. சமந்தா ஹைன்ட்ஸல்மனும் லாரா கிங்கும் 2014இல் பல பெரிய கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலானோர் தங்கள் வாழ்க்கை ஓரளவாவது அர்த்தமுள்ளது என்றே சொல்லியிருந்தார்கள். உலகத்துக்கே விளக்கேற்றுகிறவர்கள் இல்லை அவர்கள். சாதாரணமாக வேலைக்குப் போய் வருகிறவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஒழுங்காக ஓடும் அன்றாடம், தங்களை எதிர்பார்த்திருக்கும் நாலு பேர், கைக்குப் பழகிய வேலை, இவ்வளவுதான் பின்னணி. 'உன் நோக்கத்தைக் கண்டுபிடி' என்று முழங்கும் பேச்சுகள் இந்தச் சாதாரணத்தை மதிப்பதே இல்லை. அந்தப் பேச்சுகளின் மீது எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

எங்கோ ஓரிடத்தில் உங்களுக்கென்று ஒரு ஆர்வம் ஒளிந்திருக்கிறது, தேடினால் அகப்படும் என்ற நம்பிக்கையே நம்மைக் கவிழ்க்கக்கூடும். பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றில் மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றி விறுவிறுப்பான ஒரு காணொளியைக் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அடுத்து அதே விஷயத்தில் கடினமான ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே வகுக்கப்பட்டது என்று நம்பியவர்கள் அங்கே வேகமாகச் சலித்துப்போனார்கள். இது எனக்கான விஷயமாக இருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருக்காதே என்பது அவர்களுடைய கணக்கு. ஆர்வம் வளர்த்துக்கொள்வது என்று நினைத்தவர்கள் அந்த அளவுக்குத் தளரவில்லை. நோக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நினைக்கிறேன். பலமுறை நடந்த தடத்தில் ஒற்றையடிப் பாதை விழுவதுபோல, திரும்பத் திரும்பச் செய்ததில்தான் பின்னால் நோக்கம் என்று ஒன்று தெரிகிறது.

செயல் முதலில், மனநிலை பிறகு என்ற இந்த வரிசைக்கு மருத்துவத்திலிருந்து நல்ல ஆதாரம் இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்று, மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயல்களை நாள்காட்டியில் எழுதிவைத்துச் செய்ய வைப்பது. 1996இல் நீல் ஜேக்கப்சனின் குழு இந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துச் சோதித்தது. எண்ணங்களை அலசும் முழுச் சிகிச்சைக்கு அது சளைக்கவில்லை. 2016இல் 440 பேரை வைத்து டேவிட் ரிச்சர்ட்ஸ் குழு நடத்திய பெரிய சோதனையிலும் அதே முடிவு. அதுவும் நீண்ட பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களை வைக்காமல், இளநிலைப் பணியாளர்களை வைத்தே. இவை நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள். நோயில்லாத வெறுமைக்கும் இது பொருந்தும் என்பது என் அனுமானம். தொழிலில் பார்த்ததை வைத்துத் துணிந்து சொல்கிறேன், அவ்வளவுதான்.

சரி, எந்தச் செயல்? இங்கே நான் எப்போதும் மனிதர்கள் பக்கமே சாய்வேன், ஏனென்றால் ஆதாரம் கனமாக இருப்பது அங்கேதான். 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட்டும் சகாக்களும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவுகள் பலமாக இருந்தவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரே ஆட்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்வதற்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. ஆனால் அது தொடங்கியபோது சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் வெள்ளையர்கள், ஒரே வட்டாரத்தில் இருந்தவர்கள். 'எண்பது வருட ஆய்வு மகிழ்ச்சியின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது' என்று யாராவது சொன்னால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் ஆட்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள். ஆரோக்கியமானவர்களுக்கு நண்பர்கள் சேர்வதும் எளிது என்ற எதிர்த்திசையும் அந்த எண்களுக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கும். இருந்தாலும் இத்தனை இடங்களில், இத்தனை விதமாகப் பார்த்தும் ஒரே பக்கம் சாய்வதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

உங்கள் பிரச்சினை ஆள் இல்லாதது இல்லை, நெருக்கம் இல்லாதது. நெருக்கத்துக்கு நாம் நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஜெஃப்ரி ஹால் 2018இல் போட்ட கணக்கின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், தோராயமானவை. அதிலும் வேலையிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அவ்வளவு எடை இல்லை. சும்மா சேர்ந்து பொழுதைக் கழித்த நேரத்துக்குத்தான் எடை. பள்ளியிலும் கல்லூரியிலும் இந்த 200 மணி நேரம் நாம் கேட்காமலே கிடைத்தது. இப்போது நாமே ஏற்பாடு செய்தால்தான் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை ஒருவரைச் சந்தித்து இரண்டு மணி நேரம் பேசினால் 200 மணி நேரத்துக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் எப்போதாவது நடக்கும் ஆழமான சந்திப்புகளைவிட, வாராவாரம் அதே நாளில் அதே ஆட்களோடு கூடுவதை நான் வலியுறுத்துகிறேன், பேச்சு மேலோட்டமாகவே இருந்தாலும்.

கூடுவது மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். தனிமையைப் போக்க எது வேலை செய்கிறது என்று 2011இல் கிறிஸ்டோபர் மாசி, ஜான் கசியோப்போ முதலானோர் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுப்பது எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. மற்றவர்களைப் பற்றித் தனிமையில் இருப்பவர் வைத்திருக்கும் எண்ணங்களைச் சரிசெய்வதுதான் அதிகம் பலித்தது. நெடுநாள் தனிமையில் இருந்த மனசு காவலாளி மாதிரி ஆகிவிடுகிறது. பதில் வரத் தாமதமானால் ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். கொட்டாவி விட்டால் நம் பேச்சு போரடிக்கிறது என்று முடிவு கட்டும். இந்தக் கணிப்புகள் பெரும்பாலும் தவறு. எரிக்கா பூத்பியும் சகாக்களும் 2018இல் காட்டியபடி, புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால், அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது என்று இருவருமே குறைத்து மதிப்பிடுகிறார்கள். நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் ரயில் பயணிகளை வைத்துச் செய்த சோதனையும் இதே ரகம். முன்பின் தெரியாதவரோடு பேசிக்கொண்டு போவது எரிச்சலாக இருக்கும் என்று பயணிகள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் பேசிக்கொண்டு போனவர்கள்தான் பயணம் இனிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு சந்திப்பு முடிந்து திரும்பும்போது 'நான் அங்கே பொருந்தவில்லை' என்று மனசு சொன்னால், அந்தத் தீர்ப்பை நான்கைந்து வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்வது, ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்வது. குழுவில் சும்மா போய் உட்கார்ந்திருப்பவருக்கும், கதவைத் திறந்துவைக்கும் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கும் நிறைய வேறுபாடு. சாவி உங்களிடம் இருந்தால் நீங்கள் வராத நாளில் நாலு பேர் வாசலில் நிற்பார்கள். நாற்காலி போடுவது, வருகிறவர் பட்டியலைப் பராமரிப்பது, புதிதாக வருபவரை வரவேற்பது, எதுவானாலும் சரி. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது இரட்டை வசதி: கைக்கு ஒரு வேலை இருக்கும்போது வாய்க்கு வார்த்தை எளிதாக வருகிறது. இதற்கென்று பெரிய ஆய்வு எதையும் நான் காட்டப்போவதில்லை. அறையில் திரும்பத் திரும்பப் பார்த்ததைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் எழுத்துக்கு வருகிறேன். இயந்திரம் எழுதுகிறதே என்ற கவலையில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. எழுதிப் பிழைப்பவர்களுக்கு வருமானம் குறையும் என்ற பயம் நியாயமானது. அவர்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லி மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் உங்களுக்கு எழுத்து பிழைப்பாக இருந்ததில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஒரு காட்சியை யோசித்து, அடித்து, திருத்தி, கடைசியில் சரியான வாக்கியம் வந்து விழுந்தபோது உங்களுக்குள் என்ன நடந்ததோ அது வேறு யார் எழுதினாலும் நடக்காது. உங்களைவிட நன்றாக எழுதும் மனிதர்கள் அப்போதும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்போது அது உங்களை நிறுத்தவில்லை. அப்படியானால் இப்போது நிறுத்தியது எது?

ஒப்பீடுதான் என்று சந்தேகிக்கிறேன். வெளியிலிருந்து வரும் பரிசும் தரநிர்ணயமும் உள்ளிருந்து வரும் ஆர்வத்தைக் கெடுக்கும் என்பது உளவியலில் ஓரளவு உறுதியான பகுதி. 1973இல் மார்க் லெப்பரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த மழலைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் வண்ணப் பேனாக்களை மேசையில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். டெரேசா அமாபிலே 1985இல் எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரிடம் ஒரு கவிதை கேட்டார். எழுதும் முன் ஒரு பிரிவினர், ஏன் எழுதுகிறோம் என்பதற்குப் புகழ், பணம் போன்ற வெளிக் காரணங்கள் அடங்கிய பட்டியலைப் படித்து வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. சில நிமிட வேலைதான். அவர்களுடைய கவிதைகளை நடுவர்களாக இருந்த கவிஞர்கள் படைப்புத்திறனில் குறைவாக மதிப்பிட்டார்கள். சில நிமிடங்களே அந்த அளவுக்குப் பாதிக்கும் என்றால், எழுதும்போதெல்லாம் விருப்பக்குறி எண்ணிக்கையையும் இயந்திரத்தின் வேகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பரிசு எல்லா நேரத்திலும் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். எதிர்பாராமல் வரும் பாராட்டு அப்படிக் கெடுப்பதில்லை. மழலைகள் ஆய்விலேயே, சொல்லாமல் கொடுத்த சான்றிதழ் ஆர்வத்தைக் குறைக்கவில்லை.

எழுதினால் உடம்பும் மனசும் தேறும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் தொடங்கிவைத்தது அது. மனசை உறுத்தும் அனுபவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவமனைப் பக்கம் குறைவாகப் போனார்கள். பிறகு 2006இல் ஜோவான் ஃபிரட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்று தெரிந்தது. ஆகவே மருந்தாக நினைத்து எழுதாதீர்கள். மோசமாக எழுத உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொண்டு எழுதுங்கள். டீன் சைமன்டன் பல துறைப் படைப்பாளிகளின் வாழ்நாள் உற்பத்தியை எண்ணிப் பார்த்துச் சொன்னது, அவர்களுடைய சிறந்த படைப்புகள் அவர்கள் அதிகமாகப் படைத்த காலத்திலேயே வந்தன என்பது. அதே காலத்தில் குப்பையும் நிறைய வந்தது. இந்த விதி எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரி பொருந்துமா என்பதில் விவாதம் உண்டு. உட்கார்ந்தவுடன் நல்ல வரி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் எழுந்துபோய்விடுவார் என்பதில் எனக்கு விவாதம் இல்லை.

எழுதியதைப் பொதுவெளியில் போடாதீர்கள், இப்போதைக்கு. பெயர் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். ஊர்க்கதை கேட்கப் பிடிக்கும் சித்தப்பாவாக இருக்கலாம், பள்ளிக்காலத் தோழியாக இருக்கலாம். யாருக்காக எழுதுகிறோம் என்பது முகமாக இருக்கும்போது எழுத்தின் குரலே மாறும். நட்பும் படைப்பும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இது. தனித்தனியாக இரண்டையும் 'வளர்த்துக்கொள்ள' நேரம் ஒதுக்குகிறவர்கள் இரண்டிலும் களைத்துப்போவதைப் பார்க்கிறேன்.

உலகத்தின் குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம். ஏறக்குறைய முப்பது வருடத்துக்குள் இரண்டு உலகப் போர்களையும், நடுவில் 1918இன் கொள்ளை நோயையும் பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. நம் காலம்தான் கொந்தளிப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாக் கெட்ட செய்தியும் படுக்கை வரை வந்து சேர்வது புதிது. 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபின் ஆலிசன் ஹோல்மன் குழு ஆயிரக்கணக்கானோரிடம் விசாரித்தது. அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது பற்றிய செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன உளைச்சல் காணப்பட்டது. பதற்றக்காரர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள் என்ற மறுபக்கமும் உண்டு. இருந்தாலும் செய்திக்கு நாளில் ஒரு நேரம் என்று வைத்துக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை. கூடவே, உங்களை அதிகம் வருத்தும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அதில் கையால் செய்யக்கூடிய ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். மற்றவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், சுமக்க வேண்டாம்.

சமூக ஊடகத்தை அடியோடு விட்டுவிட வேண்டுமா என்றால், இங்கே ஆய்வாளர்களே அடித்துக்கொள்கிறார்கள். ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் 3.5 லட்சத்துக்கும் அதிகமான பதின்வயதினரின் தரவுகளை அலசி, அவர்களின் மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தையே டிஜிட்டல் பயன்பாட்டோடு இணைக்க முடிகிறது என்றார்கள். அப்படிச் சராசரி எடுத்தால் பாதிக்கப்படுகிறவர்கள் மறைந்துபோவார்கள் என்பது எதிர்த்தரப்பு. பெரியவர்களை வைத்து 2018இல் ஹன்ட் ஆல்காட் குழு நடத்திய சோதனையில், நான்கு வாரம் ஃபேஸ்புக்கை அணைத்துவைத்தவர்களின் மனநிலை கொஞ்சம் மேம்பட்டது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு கொஞ்சம் குறைந்தது. இரண்டு பக்கமும் 'கொஞ்சம்'தான். மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன லாபம்?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நேரமும் கொஞ்சம் தெம்பும் வேண்டும். இரண்டு வேலை பார்க்கிறவரிடமும், படுக்கையில் இருக்கும் பெற்றோரைக் கவனிக்கிறவரிடமும் இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் ஓய்வு. சில சமயம் பணம். ஆலோசகர் நாற்காலியிலிருந்து தீர்க்க முடியாத விஷயங்கள் அவை. உங்களுக்கு வார இறுதிகள் காலியாக இருக்கின்றன என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஏதோ ஒரு வேலை நடக்கும் குழுவாகப் பாருங்கள். உரை கேட்டுக் கலையும் கூட்டம் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரு சின்னப் பொறுப்பு. தினமும் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் இருபது நிமிட எழுத்து. இரண்டு மூன்று மாதத்துக்கு இதனால் என்ன பலன் என்று எடைபோடாதீர்கள். முதல் சில வாரம் அசட்டுத்தனமாகவும் சலிப்பாகவும் இருக்கும், அது வழக்கம்தான். அந்தக் காலம் முடிந்தும் ஒட்டவில்லை என்றால் குழுவை மாற்றிப் பாருங்கள். உங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை விடும் யோசனை பற்றி. மனசு தாழ்ந்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளை ஒத்திப்போடச் சொல்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். நானும் அதையே சொல்வேன். ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். வேலைப் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான். சிலர் அதை மட்டும் செய்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளிகளோடும் பார்வையாளர்களோடும் பேசினார்கள், செவிலியர்களின் வேலைக்கு ஏற்பத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், குணமாக்கும் வேலையில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். உங்கள் வேலையிலும் யாரோடு புழங்குகிறீர்கள், எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள் என்பதில் நகர்த்தக்கூடிய பகுதி ஏதாவது இருக்கும், முதலில் அதை நகர்த்திப் பாருங்கள். முதலாளிகள் இந்த ஆய்வை, 'சம்பளம் குறைந்தால் என்ன, அர்த்தம் இருக்கிறதே' என்று திருப்பிப் பயன்படுத்துவதும் நடக்கிறது, அதற்கு மயங்காதீர்கள். வேலையிடத்தில் அவமானப்படுத்துகிறார்கள், மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்யச் சொல்கிறார்கள், உடம்பு கெடுகிறது என்றால் அது தனிக் கணக்கு. அப்போது மனநிலை தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு மாதச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கிக்கொண்டு, அடுத்த வேலையைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.